ஸ்பிரிங் ஒன்று, அப்சோபர் இரண்டு: காரைத் தாழ்த்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

"ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக் கொடுங்கள் அண்ணே. அப்சோபர் நன்றாகத்தான் இருக்கிறது. அதை ஏன் மாற்ற வேண்டும்?"

காப்பார், மேரு, கிள்ளான் வட்டாரப் பட்டறைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சற்று நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது. கேட்பவர் பெரும்பாலும் இருபது வயதைத் தாண்டிய இளைஞர். முதல் சம்பளத்திலோ, தந்தையின் தயவிலோ வந்த பழைய கார். அதைச் சற்றுத் தாழ்த்தி, அகலமான டயர் போட்டு ஓட்ட வேண்டும் என்பது ஆசை. கையில் இருக்கும் பணமோ ஸ்பிரிங்குக்கு மட்டும்தான் போதும்.

கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். எண்ணெய் கசியவில்லை, சத்தம் இல்லை, நல்ல நிலையில் இருக்கும் ஒரு பொருளை ஏன் தூக்கி எறிய வேண்டும்? இதற்குப் பட்டறைக்காரர் சொல்லும் பதிலை வாடிக்கையாளர் பல நேரங்களில் நம்புவதில்லை. கூடுதலாக ஒரு பொருளை விற்கப் பார்க்கிறார் என்றே நினைக்கிறார். ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலை மோட்டார் வாகனத்தின் வரலாறே நூறு ஆண்டுகளுக்கு முன் சொல்லிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டால் யாரையும் நம்ப வேண்டியதில்லை, உண்மை தானாகவே விளங்கும்.

மாட்டு வண்டியிலிருந்து தொடங்குவோம்

தோட்டப்புறத்தில் வாழ்ந்த முதல் தலைமுறைக்கு மாட்டு வண்டி தெரியும். அதில் ஸ்பிரிங் கிடையாது. அச்சின் மேல் சட்டம், சட்டத்தின் மேல் பலகை, அவ்வளவுதான். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அந்த அடி நேராக உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கு வந்து சேரும். மாடு நடக்கும் வேகத்தில் அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

குதிரை வண்டிகள் வேகம் பிடித்த ஐரோப்பாவில் அது முடியவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஒபதையா எலியட் 1804இல் நீள்வட்ட வடிவ இலை ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். பல எஃகுப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில் அது. இன்றும் லாரிகளின் பின் அச்சில் பார்க்கிறோமே, அதன் மூதாதை.

இந்த இலை ஸ்பிரிங்கில் ஒரு மறைமுக நன்மை இருந்தது. வளையும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உரசும். அந்த உராய்வு துள்ளலை ஓரளவு அடக்கியது. அதாவது தாங்கும் வேலையையும் அடக்கும் வேலையையும் ஒரே பொருள் அரைகுறையாகச் செய்தது. குதிரையின் வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு மோட்டார் கார் வந்தது. வேகம் கூடியது. ஸ்பிரிங்கின் இன்னொரு குணம் வெளியே தெரிந்தது.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் குணம்

இங்கிலாந்தின் விஞ்ஞானி ராபர்ட் ஹூக் ஸ்பிரிங்கின் விதியை 1678இல் நூலாக வெளியிட்டார். எவ்வளவு அழுத்துகிறோமோ, அவ்வளவு விசையோடு ஸ்பிரிங் திருப்பித் தள்ளும் என்பது அதன் சாரம். அழுத்தத்தைச் சேமித்து வைத்து அப்படியே திருப்பிக் கொடுப்பதுதான் ஸ்பிரிங்கின் இயல்பு. தானாக அதைக் கரைத்துவிட அதற்குத் தெரியாது.

எனவே பள்ளத்தில் விழுந்த கார் எழும், மீண்டும் அமிழும், மீண்டும் எழும். துள்ளிக்கொண்டே போகும் சக்கரம் ஒவ்வொரு துள்ளலிலும் சாலைப் பிடியை இழக்கும். பிடி இழந்த டயரால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது.

இதற்கு மருந்து தேடியபோதுதான் அப்சோபர் பிறந்தது. பிரான்சில் ட்ருஃபோ என்பவர் உராய்வுத் தட்டுகளைக் கொண்டு துள்ளலை அடக்கும் ஒரு கருவியை உருவாக்கினார். அதை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்ற எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தயாரித்து விற்றார். அடுத்து, பிரான்சின் மாரிஸ் ஹூடாய் எண்ணெயைப் பயன்படுத்தினார். சிறிய துளை வழியாக எண்ணெயைப் பிதுக்கினால் அது எதிர்க்கும். அந்த எதிர்ப்பில் துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடும். இன்று உங்கள் காரில் இருக்கும் அப்சோபரின் அடிப்படையும் அதே எண்ணெயும் துளையும்தான். நீண்ட தூரம் மேடுபள்ளச் சாலையில் ஓடிய காரின் அப்சோபரைத் தொட்டுப் பார்த்தால் சுடுவது இதனால்தான்.

ஃபோர்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற மாடல் டி கார் 1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்டது. அதில் தொழிற்சாலையிலிருந்தே அப்சோபர் வரவில்லை. வேண்டியவர்கள் தனியே வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். அதற்கு அடுத்து வந்த மாடல் ஏ காரிலோ நான்கு சக்கரங்களுக்கும் ஹூடாய் எண்ணெய் அப்சோபர் பொருத்தப்பட்டது. அமெரிக்காவின் மன்ரோ நிறுவனம் தன் முதல் அப்சோபரை விற்பனைக்குக் கொண்டு வந்ததும் 1926இல்தான். அதே 1926இல் சிங்கப்பூரில் மலாயா ஃபோர்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் நாட்டுச் சாலைகளில் கார்கள் பெருகத் தொடங்கிய காலமும், அப்சோபர் இல்லாமல் கார் இல்லை என்று உலகம் உணர்ந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே.

இங்கே பெயர் ஒன்று குழப்பம் தருகிறது. அப்சோபர் என்றால் அதிர்ச்சியை உள்வாங்குவது என்று பொருள். உண்மையில் அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கியதைத் திருப்பித் தள்ளும்போது அதை அடக்குவது அப்சோபர். காரின் எடையைத் தாங்கும் பொறுப்பும் ஸ்பிரிங்குக்குத்தான். ஒன்று தாங்கும், மற்றொன்று அடக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சாகாவும் மெக்பெர்சனும்

இலை ஸ்பிரிங்கின் இடத்தைச் சுருள் ஸ்பிரிங் பிடித்தபோது நிலைமை மேலும் மாறியது. சுருளில் பட்டைகள் இல்லை, உராய்வும் இல்லை. துள்ளலை அடக்கும் வேலை முழுவதும் அப்சோபரின் தலையில் விழுந்தது.

ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இன்னொரு படி மேலே சென்றார். அப்சோபரையே ஒரு தூணாக நிறுத்தி, அதைச் சுற்றி ஸ்பிரிங்கை அமர்த்தி, சக்கரத்தையும் அதிலேயே பிடித்து நிறுத்தினார். 1950இல் இங்கிலாந்து ஃபோர்டு அறிமுகப்படுத்திய கான்சல், ஸெஃபயர் கார்கள் இந்த அமைப்பைப் பரப்பின. செலவு குறைவு, இடமும் குறைவு. அதனால் சிறிய கார்கள் எல்லாம் இதையே பின்பற்றின.

1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான நம் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகாவின் முன்சக்கரங்களிலும் இதே மெக்பெர்சன் அமைப்புதான். மிட்சுபிஷி லான்சர் ஃபியோரைத் தழுவி வந்த அந்தக் கார், தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கனவு வாகனம். 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தபோது அந்தக் கனவு இன்னும் கைக்கு எட்டியது. லயத்து வீடுகளிலிருந்து தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பல குடும்பங்களின் வாசலில் நின்ற முதல் கார் இவற்றில் ஒன்றுதான்.

பால் மரம் சீவிய காப்பார் மக்களுக்குச் சொந்தமான ஒரு செய்தியும் இந்த வரலாற்றில் உண்டு. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி காரில் எஃகு ஸ்பிரிங்கே கிடையாது. அலெக்ஸ் மௌல்டன் வடிவமைத்த ரப்பர்க் கூம்புகள்தான் அதன் ஸ்பிரிங். ரப்பருக்குத் துள்ளலைத் தானே ஓரளவு அடக்கும் இயல்பு உண்டு. அப்படியிருந்தும் மினியை உருவாக்கியவர்கள் நான்கு சக்கரங்களுக்கும் அப்சோபர் வைக்கத் தவறவில்லை. ரப்பருக்கே துணை தேவைப்பட்டதென்றால் எஃகுச் சுருளுக்குச் சொல்லவும் வேண்டுமா?

தாழ்த்தும் ஆசை எங்கிருந்து வந்தது?

காரைத் தாழ்த்துவதற்கு இரண்டு பூர்வீகங்கள் உண்டு.

ஒன்று பந்தயத் திடல். எடை தாழ்வாக இருந்தால் கார் வளைவில் குறைவாகச் சாயும். இது பொய்யல்ல, இயற்பியல். ஆனால் பந்தயத் திடலின் தார் மெத்தை போன்றது. 1968இல் திறக்கப்பட்ட ஷா ஆலாம் பத்து தீகா திடலிலும், 1999இல் திறக்கப்பட்ட செப்பாங்கிலும் லாரி தோண்டிய பள்ளமோ, தாமான் வாசலில் போட்ட வேகத்தடையோ கிடையாது.

இன்னொன்று அமெரிக்காவின் கலிபோர்னியா. அங்கே மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி அழகுபடுத்தித் தாழ்த்தினார்கள். ஸ்பிரிங்கை வெட்டினார்கள், பின்பெட்டியில் மணல் மூட்டை ஏற்றினார்கள். காரின் எந்தப் பாகமும் சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்று 1958இல் அங்கே சட்டம் வந்தது. உடனே ரான் அகிரே என்ற இளைஞர் தம் கார்வெட் காரில் விமானத்துக்குரிய ஹைட்ராலிக் கருவிகளைப் பொருத்தி, விசையைத் தட்டினால் கார் உயரும், தாழும் என்று செய்துகாட்டினார். பல பத்தாண்டுகள் கழித்து, 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் அந்தத் தடை நீக்கப்பட்டது. 2024 ஜனவரி முதல் அது நடப்புக்கு வந்தது.

அந்த இளைஞர்களுக்குக் கார் வெறும் வாகனமல்ல. நானும் ஒரு ஆள்தான் என்று ஊருக்குச் சொல்லும் மொழி. காப்பார் இளைஞரின் ஆசையைக் கேலி செய்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாட்டன் மாட்டு வண்டி ஓட்டியவர், தந்தை தோட்டத்து லாரி ஓட்டியவர். பேரன் தன் சொந்தக் காரைத் தன் விருப்பப்படி அலங்கரிக்க நினைப்பதில் தவறென்ன?

தவறு ஆசையில் இல்லை, கலவையில் இருக்கிறது. கலிபோர்னியாவில் தாழ்த்தப்பட்ட கார்கள் ஊர்வலம் போல மெதுவாகப் போவதற்காகவே தாழ்த்தப்பட்டவை. பந்தயக் கார்கள் வேகத்துக்காகத் தாழ்த்தப்பட்டவை, ஆனால் மேடுபள்ளம் இல்லாத திடலில் ஓடுபவை. 2001இல் வெளியான ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் போன்ற படங்களும் வாகன இதழ்களும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் கொடுத்துவிட்டன. தோற்றம் அங்கிருந்து, வேகம் இங்கிருந்து. ஓட்டுவதோ கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோலசிலாங்கூர் செல்லும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில், கொள்கலன் லாரிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில்!

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காரின் முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது மேலே செல்ல 80 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் அந்த இடைவெளியில் பாதி போய்விட்டது. மெக்பெர்சன் அமைப்பில் சக்கரம் எவ்வளவு உயர்கிறதோ, ஏறத்தாழ அதே அளவு அப்சோபரின் தண்டும் உள்ளே போகும். ஆக, கார் சும்மா நிற்கும்போதே அப்சோபர் பாதி அமுங்கிய நிலையில் இருக்கிறது.

இப்போது நான்கு பேர் ஏறி அமர்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் குடும்பம், பின்பெட்டியில் சாமான்கள். இடைவெளி மேலும் சுருங்குகிறது. ஒரு வேகத்தடை வந்தால் தண்டு முழுவதும் உள்ளே போய், முட்டுக்கட்டையாக இருக்கும் ரப்பரில் மோதும். ஒருமுறை இருமுறை மோதினால் தாங்கும். அன்றாடம் மோதினால் ரப்பர் நொறுங்கும், பிறகு உள்ளிருக்கும் பிஸ்டனும் வால்வும் அடி வாங்கும். எண்ணெய்த் தடுப்பு வளையம் பழுதாகி எண்ணெய் கசியும். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்ன அப்சோபர் இப்படித்தான் வெகு விரைவில் சாகிறது.

இரண்டாவது, விசை. இடைவெளி குறைந்த காரணத்தால் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் கூடுதல் விறைப்போடு தயாரிக்கப்படுகின்றன. விறைப்பான ஸ்பிரிங் வேகமாகவும் பலமாகவும் திருப்பித் தள்ளும். பழைய அப்சோபரின் துளைகளோ பழைய ஸ்பிரிங்கின் பலத்துக்கு அளந்து செய்யப்பட்டவை. புதிய ஸ்பிரிங்கை அதனால் அடக்க முடியாது. கார் கடினமாகவும் இருக்கும், துள்ளவும் செய்யும்.

மூன்றாவது, நீளம். மேட்டைத் தாண்டிச் சக்கரம் கீழே தொங்கும் வேளையில் பழைய அப்சோபர் தன் முழு நீளத்துக்கு நீளும். குட்டையான ஸ்பிரிங்கால் அவ்வளவு நீள முடியாது. ஒரு கணம் அது பிடியின்றித் தளர்ந்து நிற்கும். தன் இருப்பிடத்திலிருந்து விலகவும் வாய்ப்புண்டு. டக் என்று கேட்கும் அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்யக்கூடாது.

இதைவிட ஆபத்தானது, இருக்கும் ஸ்பிரிங்கையே வெட்டுவது. செலவில்லாத வழி என்று பலர் நினைக்கிறார்கள். 6 சுருள் கொண்ட ஸ்பிரிங்கில் ஒரு சுருளை வெட்டினால் மீதியுள்ளது 20 விழுக்காடு விறைப்பாகிவிடும். தீ வைத்து வெட்டினால் அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெடும். நாளை அது எங்கே முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டிய முனை சரியாக உட்காரவும் உட்காராது.

ஆக, ஸ்பிரிங்கை மாற்றி அப்சோபரை விட்டுவைப்பவர் செய்வது என்ன? அடக்கும் கருவிக்கு வேலை செய்ய இடமில்லாமல் செய்துவிடுகிறார். 2000களின் காரை வைத்துக்கொண்டு 1900களின் துள்ளலுக்குத் திரும்பிப் போகிறார். ட்ருஃபோவும் ஹூடாயும் தீர்த்து வைத்த சிக்கலைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் வாகனங்களின் அமைப்பை 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளும் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. அனுமதியில்லாமல் அமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகா நடவடிக்கை எடுக்கலாம். விபத்து நேர்ந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்புறுதி நிறுவனமும் கேள்வி எழுப்பலாம். எனவே கை வைப்பதற்கு முன் இலாகாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே அறிவுடைமை.

வாகனப் பரிசோதனைக்காக 1994இல் புஸ்பாகோம் ஏற்படுத்தப்பட்டது. அதற்கிருந்த தனியுரிமை 2024இல் முடிவுக்கு வந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாரி, பஸ், டாக்சிகளுக்கு முறையான காலப் பரிசோதனை உண்டு. சொந்தக் காருக்கோ பெரும்பாலும் கைமாறும்போதுதான் பரிசோதனை. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கு உரிமையாளரின் கண்ணைத் தவிர வேறு காவல் இல்லை.

செய்வதைத் திருந்தச் செய்யலாம்

தாழ்த்தியே தீர வேண்டும் என்பவர் என்ன செய்யலாம்? சிறிதளவு தாழ்த்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஸ்பிரிங்கையும் அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட குட்டை அப்சோபரையும் சோடியாக வாங்கலாம். பட்டறைகளில் ஹைலோ என்று சொல்லப்படும், உயரத்தை மாற்றக்கூடிய தொகுப்பை வாங்குவதானால் நம்பகமான தயாரிப்பா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது, ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். முட்டு ரப்பரையும் மேல் தாங்கியையும் அப்போதே புதிதாகப் போடுவது நல்லது. பிறகு சக்கர நேர்சீரமைப்பும் முன்விளக்கின் மட்டமும் சரிபார்க்கப்பட வேண்டும். இடிபாட்டுக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பழைய அப்சோபர், வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே எத்தனை சாலைகளைப் பார்த்ததென்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவுக்கும் பணம் இல்லையென்றால்? அப்போது காரை அதன் உயரத்திலேயே விட்டு, தேய்ந்த அப்சோபரை மட்டும் புதிதாக மாற்றுவதுதான் அந்தப் பணத்தின் சிறந்த செலவு. வளைவில் கார் எவ்வளவு நிதானமாகிறது என்பதை ஓட்டிப் பார்த்தாலே தெரியும்.

இதற்காகத் தொலைதூரம் போக வேண்டியதுமில்லை. கிள்ளான் பந்தமாரானில் ஏ.பி.எம். குழுமமும், தெலுக் பங்ளிமா காராங்கில் கே.ஒய்.பி. – யு.எம்.டபிள்யூ. கூட்டு நிறுவனமும் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளன. வாகன உதிரிப்பாகத் தொழில் செழித்த வட்டாரத்தின் பிள்ளைகள் நாம்.

இன்னோர் உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. 2002இல் புரோட்டோன் காரை ஓட்டி, தயாரிப்புக் கார்களுக்கான உலக ரேலி வெற்றியாளர் பட்டத்தை வென்றவர் மலேசியாவின் கரம்ஜித் சிங். கரடுமுரடான மண் சாலையில் ஓடும் ரேலி கார் தாழ்வாக இருப்பதில்லை. சக்கரம் ஏறி இறங்கத் தாராளமான இடமும், அதை அடக்கத் தரமான அப்சோபரும் இருந்தால்தான் அது கடைசி வரை ஓடும். உலகத்தை வென்ற நம்மவரின் காரும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

மகன் காரைத் தாழ்த்தப் போகிறேன் என்றால் வீட்டில் பெரியவர்கள் திட்டுகிறார்கள். திட்டினால் அவர் வேறு தாமானில் உள்ள பட்டறைக்குப் போவார், ஸ்பிரிங்கை வெட்டிக்கொண்டு வருவார். அதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்கலாம்: "தம்பி, ஸ்பிரிங் மாற்றுகிறாய் சரி, அப்சோபருக்கும் சேர்த்துப் பணம் வைத்திருக்கிறாயா?"

இல்லையென்றால், இருக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். அந்தக் காரில் அவரோடு தங்கையும் தம்பியும் தாயும் ஏறப்போகிறார்கள்.